மலை ஓடையின் மண்ணையும் மணலையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி: தண்ணீர்மலை ஓடையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மழை பெய்தால் சரிவில் எங்கே மண் அரிபடும், எங்கே மணல் மேடு தட்டும், சில வருடங்களில் தரை எப்படி மாறும் என்பதைக் கணினி மாடலில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது. எடுத்துக்காட்டுக்குப் பினாங்கின் சுங்கை ஆயர் தெர்ஜுன் ஓடையை எடுத்துக்கொள்கிறேன். கொடிமலைச் சரிவில் இறங்கி, தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா வழியாக வந்து, கடைசியில் சுங்கை பினாங்கோடு கலக்கும் ஓடை. மென்பொருள் சீசர்-லிஸ்ஃப்ளட். வேறு மென்பொருள் எடுத்தாலும் வரிசை இதேதான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். மென்பொருளை இறக்கிய அன்றே வண்டலை ஓட விட்டுவிடுகிறார்கள். வண்ணப்படம் அழகாக வந்துவிடும். அதில் உள்ள மணலுக்கும் ஓடையில் உள்ள மணலுக்கும் சம்பந்தம் இருக்காது. கேள்வி, தரை, மழை, தண்ணீர், அதற்குப் பிறகுதான் மணல். இந்த வரிசை ஏன் என்று ஒவ்வொரு படியிலும் சொல்கிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“ஓடையின் வண்டல் நகர்வைப் படிக்கப் போகிறேன்” என்பது கேள்வி ஆகாது. “மேல்சரிவில் ஒரு பகுதி மரங்களை வெட்டினால், பூங்காவின் கீழ்ப்பக்கம் வந்து சேரும் மணல் எத்தனை மடங்கு கூடும்?” என்பது கேள்வி. எந்த மென்பொருள், எவ்வளவு பரப்பு, எத்தனை வருடம் என்ற மூன்றையும் இந்த வாக்கியம்தான் முடிவு செய்யும்.

ஒரு பாலத்தூணுக்குக் கீழே ஓடைத்தரை எவ்வளவு தாழும் என்பது கேள்வியானால், குறுக்குவெட்டு அளவுகளை வைத்து ஹெக்-ராஸில் செய்யுங்கள். கழிமுகச் சேறு, கடல் ஏற்றவற்றம் என்றால் டெல்ஃப்ட்3டி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மலை எப்படித் தேய்ந்தது என்றால் பைத்தானில் ஓடும் லேண்ட்லேப். ஒரு முழுப் படுகை (ஓடைக்கு மழை நீர் வந்து சேரும் பரப்பு முழுவதும்), சில ஆண்டு முதல் சில நூறு ஆண்டுவரை என்றால் சீசர்-லிஸ்ஃப்ளட் பொருந்தும்.

எல்லையையும் இப்போதே வரையுங்கள். மாடலின் வெளிவாயை, அதாவது தண்ணீர் மாடலை விட்டு வெளியேறும் இடத்தை, கடல்வரை இழுத்துச் செல்லும் ஆசை எல்லாருக்கும் வரும். சுங்கை பினாங்கின் கடைசிப் பகுதியில் நாளுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்குகிறது. மழை நீர் மட்டும் கீழே ஓடும் என்று எண்ணும் மாடலுக்கு இது தெரியாது. தவிர, அங்கே படிவது ஒட்டும் சேறு, 0.063 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மணலுக்கான சூத்திரங்கள் அங்கே செல்லாது. கடல்நீர் எட்டாத உயரத்திலேயே வெளிவாயை வையுங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தரை உயரக் கோப்பு, மணிக்கணக்கான மழைப் பதிவு, ஓடையில் எடுத்த மண் மாதிரிகளின் சல்லடை முடிவு, ஒரு வெள்ளத்துக்காவது நீர்மட்டப் பதிவு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். உயரக் கோப்பைத் திருத்த கியூஜிஐஎஸ், பள்ளங்களை உடைக்க வைட்பாக்ஸ் கருவிகள்; இரண்டும் இலவசம். சீசருக்கு விண்டோஸ் வேண்டும்.

மாடல் தரையைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கணினி எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் கட்டத்தின் அளவைக் கணக்குப் போட வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 10 மீட்டர் கட்டங்களில் 10,000. அதையே 5 மீட்டரில் எடுத்தால் 40,000. கூடவே காலப்படியும், அதாவது மாடல் ஒரே எட்டில் கடக்கும் நேரமும், சுருங்கும். இந்த மாடலில் ஒரு காலப்படி, கட்ட அகலத்தை அலையின் வேகத்தால் வகுத்ததற்குள் அடங்க வேண்டும். 2 மீட்டர் ஆழத்தில் அலைவேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். 10 மீட்டர் கட்டத்துக்கு, பாதுகாப்புக் காரணி 0.7 வைத்தால், காலப்படி ஏறத்தாழ 1.6 விநாடி; 5 மீட்டருக்கு அதில் பாதி. ஆக, கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு. ஒரு நாளில் முடிவது எட்டு நாள் ஆகும். முதல் ஓட்டங்களை 20 மீட்டரில் செய்துவிட்டுப் பிறகு நுணுக்குங்கள்.

3. தரை உயரக் கோப்பு

நேரம் முழுவதும் இங்கேதான் போகும். போகட்டும்.

இலவசக் கோப்புகளில், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலம் அளந்த எஸ்ஆர்டிஎம்மைவிட கோப்பர்னிகஸ் 30 மீட்டர் கோப்பு மேல். ஆனால் இரண்டிலும் ரேடார் பெரும்பாலும் பார்த்தது மரத்தின் தலையை, தரையை அல்ல. கொடிமலைக் காட்டில் மர உச்சிக்கும் தரைக்கும் 20, 30 மீட்டர் இடைவெளி சாதாரணம். காடு முடிகிற ஓரத்தில் கோப்பில் ஒரு சுவர் நிற்கும். மாடல் அதை மண் சுவர் என்று நம்பி அரித்துத் தள்ளிவிடும். மேலும் ஓடையின் அகலம் சில மீட்டர்தான். 30 மீட்டர் கட்டத்துக்குள் அது காணாமலே போய்விடும். ஆகவே விமானத்திலிருந்து லேசரால் அளந்த லைடார் கோப்புக்கோ, ரேடாரால் அளந்த 5 மீட்டர் ஐஃப்சார் கோப்புக்கோ ஜூபெமிலும் (மலேசிய நில அளவைத் துறை) ஜேபிஎஸ்ஸிலும் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) விண்ணப்பித்துப் பாருங்கள். பதில் வரும்வரை இலவசக் கோப்பில் பழகலாம். முடிவு எழுதக் கூடாது.

கோப்பு கிடைத்ததும் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

முதலில் மீட்டர் அளவுக்கு மாற்றுங்கள். தீபகற்ப மலேசியாவுக்கு ஜிடிஎம்2000 ஆர்எஸ்ஓ என்ற வரைபட ஆள்கூற்று முறை; மென்பொருளில் அதன் இபிஎஸ்ஜி எண் 3375. பாகை அளவிலேயே விட்டுவிட்டால் கட்ட அகலம் 0.00028 என்று கோப்பின் தலைப்பில் நிற்கும். மாடல் அதையும் மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். சரிவுகள் எல்லாம் வானத்துக்கு எகிறும். மாற்றும்போது “அருகிலுள்ள மதிப்பு” முறை வேண்டாம், படிக்கட்டுபோல வரிகள் விழும். இருதிசை இடைமதிப்பு முறையே போதும்.

அடுத்து உயரத்தின் ஆதாரமட்டம், அதாவது உயரம் பூஜ்யம் என்று எதை வைத்து அளந்தார்கள் என்பது. கோப்பர்னிகஸ், இஜிஎம்2008 என்ற உலகளாவிய கடல்மட்ட மாதிரியின் மட்டத்தில் இருக்கும். உள்ளூர் அளவைகள் போர்ட் கிள்ளான் சராசரிக் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. பழைய வரைபடங்கள் 1912ஆம் ஆண்டு நில அளவை மட்டத்தில் இருக்கலாம். பாலத்தின் அடிமட்டத்தை ஒரு வரைபடத்திலிருந்தும் தரையை இன்னொரு கோப்பிலிருந்தும் எடுத்தால், ஓடை பாலத்துக்கு மேலே ஓடும் மாடல்கூடக் கிடைக்கும். ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மூன்றாவதாக, பாலங்களும் அடிக்குழாய்களும். உயரக் கோப்பில் சாலை ஓர் அணை. தண்ணீர் அதன் பின்னால் தேங்கும். இதற்குப் பலரும் பள்ளத்தை நிரப்பும் கருவியை அமுக்குகிறார்கள். நிரப்பினால் சாலைக்குப் பின்னால் ஒரு தட்டை மைதானம் உண்டாகும். மாடல் அங்கே மணலைக் கொட்டும். நாம் அதை “படிவு மண்டலம்” என்று அறிக்கையில் எழுதிவிடுவோம். நிரப்பாதீர்கள், வெட்டுங்கள். பாலம் உள்ள இடங்களை நேரில் நடந்து குறித்துவந்து, அந்தக் கட்டங்களில் மட்டும் ஓடைமட்டத்துக்கு இறக்குங்கள். மிஞ்சும் சிறு குழிகளை உடைப்புக் கருவி பார்த்துக்கொள்ளும்.

அளவு மாற்றத்துக்குப் பிறகு வெட்டுங்கள், முன்னால் அல்ல. வெட்டிய பிறகு கோப்பை மாற்றினால், இடைமதிப்பு ஓர் ஓரத்தில் வாய்க்காலை மறுபடி மூடிவிடும்.

கடைசியாகப் படுகை எல்லை. முதலில் எல்லா பக்கமும் சில நூறு மீட்டர் கூடுதலாக வைத்து வெட்டி, அதன்மேல் படுகையைக் கணக்கிட்டு, அந்த வடிவத்தால் மறுபடி வெட்டுங்கள். வெளிவாய்க் கட்டம் கோப்பின் விளிம்பைத் தொட வேண்டும். தொடாவிட்டால் தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் படுகை ஏரியாகிவிடும். கோப்பை ஆஸ்கி வடிவில் சேமியுங்கள்.

4. தோண்ட முடியாத இடங்கள்

சீசரில் இரண்டாவதாக ஓர் உயரக் கோப்பு கொடுக்கலாம்: பாறை மட்டம். தரைக்கும் பாறைக்கும் இடையே உள்ளதைத்தான் மாடல் அரிக்கும். இதைக் கொடுக்காமல் விட்டால் எங்கும் ஆழமான மண் என்று ஆகிவிடும்.

இதை நிறையப் பேர் தாண்டிப் போகிறார்கள். விளைவு: அடிவாரத்தில் சிமெண்ட் போட்ட லொங்கானை மாடல் மூன்று மீட்டர் தோண்டியிருக்கும். சிமெண்ட் வாய்க்கால், நீர்வீழ்ச்சியின் வெற்றுப் பாறை, சாலை ஆகிய கட்டங்களில் பாறை மட்டத்தைத் தரை மட்டத்துக்குச் சமமாக வையுங்கள். மற்ற இடங்களில் சரிவின் மண் ஆழத்துக்குப் பக்கத்திலுள்ள வெட்டுமுகங்களைப் பாருங்கள். பினாங்குத் தீவின் அடிப்பாறை கருங்கல். அது நாள்பட்டு நைந்து பல மீட்டர் மண்ணாகக் கிடக்கும், ஆனால் எங்கும் ஒரே ஆழத்தில் அல்ல.

அணை இருந்தால் தனிக்கவனம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் 1962இல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணை இருக்கிறது. சுங்கை பினாங்கு முழுவதையும் ஒரே மாடலில் எடுப்பவர்கள், அணைக்கு மேலிருந்து மணல் கீழே வராது என்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அந்தக் கிளையின் வண்டல் முழுக்கக் கற்பனையாகிவிடும். அணைக்குக் கீழே மாடலைத் தொடங்குவது எளிது.

5. மழைப் பதிவு

நாள் மழையை 24ஆல் வகுத்துப் போடாதீர்கள். 96 மில்லிமீட்டர் மழையை வகுத்தால் மணிக்கு 4 மில்லிமீட்டர் தூறல். உண்மையில் அது மாலையில் இரண்டு மணி நேரத்தில் மணிக்கு 48 என்று கொட்டியிருக்கும். தூறலில் மணல் அசையாது, கொட்டினால்தான் அசையும். மொத்த மழை ஒன்றே, வண்டல் பூஜ்யத்திலிருந்து டன் கணக்குக்குப் போகும்.

மணிக்கணக்குப் பதிவு குறைந்தபட்சம். இவ்வளவு செங்குத்தான சிறு படுகைக்கு 10 நிமிடம் அல்லது 15 நிமிடம் இருந்தால் நல்லது. ஜேபிஎஸ் மழைமானிப் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். செயற்கைக்கோள் மழை இங்கே உதவாது. ஐமெர்க் கோப்பின் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். தீவையே சில கட்டங்களில் அடக்கிவிடும். பாயான் லெப்பாஸில் வெயில் அடிக்கும்போது கொடிமலையில் மழை கொட்டுவதைப் பார்க்காத பினாங்குக்காரர் உண்டா?

அலகில் ஒரு பொறி இருக்கிறது. சீசர் கேட்பது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம். 10 நிமிடப் பதிவில் “10” என்று இருந்தால் அது 10 நிமிடத்தில் விழுந்த அளவு; கோப்பில் 60 என்று எழுத வேண்டும். கூடவே மழைக் காலப்படி எத்தனை நிமிடம் என்ற பெட்டியையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது வழக்கம். எழுதியதும் மொத்தத்தைக் கூட்டி, மழைமானியின் மாத மொத்தத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

எந்தக் காலம்? பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர்வரை மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறட்சி. ஒரு முழு ஆண்டாவது எடுங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் பெருமழை உங்கள் பதிவில் இருந்தால் அதைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள், பத்தாவது படியில் வேலைக்கு ஆகும். அப்போது சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து, கொடிமலையில் மண் சரிந்து பாதைகள் மூடப்பட்டன.

6. மண் மாதிரி

கருங்கல் நைந்த மண்ணில் இரண்டு கூட்டம் இருக்கும்: பருமனான படிகக்கல் (குவார்ட்ஸ்) மணல் ஒன்று, வெள்ளைக் களிமண் ஒன்று. நடுவில் கொஞ்சம்தான். “சராசரித் துகள் 0.8 மில்லிமீட்டர்” என்று ஒற்றை எண் போட்டால், அந்த ஓடையில் அதிகம் இல்லாத ஒரு துகளையே மாடல் முழுக்க நகர்த்திக்கொண்டிருப்பீர்கள்.

சரிவில் சில இடம், ஓடைத்தரையில் மேல், நடு, கீழ் என்று சில இடம் எடுங்கள். ஓடைத்தரையில் மேல்தோலையும் அதன் அடியையும் தனித்தனிப் பையில் போடுங்கள். வெள்ளம் நுண்மணலைக் கழுவிக்கொண்டு போவதால் மேலே கல்லும் அடியில் மணலுமாக இருக்கும். மேலே மட்டும் அள்ளினால் ஓடை அசையாத கல்லாகத் தெரியும். பெரிய கற்களுக்குச் சல்லடை வேண்டாம். குறுக்கும் நெடுக்கும் நடந்து, கால்விரல் நுனியில் படுவதை எடுத்து 100 கற்களின் நடு அச்சை (நீளத்துக்கும் தடிப்புக்கும் இடைப்பட்ட அளவை) அளந்தால் போதும். கண்ணுக்கு அழகான கல்லை எடுக்கக் கூடாது. எல்லாரும் எடுப்பார்கள்.

105 பாகையில் உலர்த்தி, சலித்து, சீசர் ஏற்கும் 9 துகள் பிரிவுகளில் பங்கிடுங்கள். கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். 0.98 வந்தால் மாடல் எச்சரிக்காது. மண் கொஞ்சம் காணாமல் போகும்.

7. முதலில் தண்ணீர் மட்டும்

“நீரோட்டம் மட்டும்” என்ற தேர்வைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். இந்தப் படியைத் தாண்டக் கூடாததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. மணல் ஆறுகளுக்கு அதிகம் பயன்படும் எங்கெலுண்ட்-ஹான்சன் சூத்திரத்தில் மணலின் அளவு நீரின் வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் போகிறது. வேகத்தில் 10 விழுக்காடு பிழை, மணலில் 61 விழுக்காடு. வேகத்தில் 20 விழுக்காடு என்றால் மணல் இரண்டரை மடங்கு. தண்ணீரில் விட்ட பிழையை எந்த வண்டல் சூத்திரமும் பிறகு சரிசெய்யாது.

மூன்று சோதனை. முதலாவது கன அளவு: படுகை 5 சதுர கிலோமீட்டர், மழை 50 மில்லிமீட்டர் என்றால் விழுந்தது 2,50,000 கன மீட்டர். வெளிவாயில் அதற்கு மேல் வந்தால் அலகு தப்பு. மிகக் குறைவாக வந்தால் எங்கோ ஒரு சாலை இன்னும் அணையாக நிற்கிறது.

இரண்டாவது உச்ச ஓட்டம். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை, வழிந்தோடும் பங்கு 0.5, பரப்பு 5 சதுர கிலோமீட்டர்: மூன்றையும் பெருக்கி 3.6ஆல் வகுத்தால் விநாடிக்கு 42 கன மீட்டர் வரும். மலேசியாவின் நகர மழைநீர் மேலாண்மைக் கையேடான எம்எஸ்எம்ஏ இந்தக் கணக்கை 80 ஹெக்டேருக்கு மேற்பட்ட படுகைக்கு ஏற்பதில்லை. நாமும் வடிவமைக்கவில்லை, மாடல் 4 காட்டுகிறதா 400 காட்டுகிறதா என்று பார்க்க இது போதும்.

மூன்றாவது, உண்மையான வெள்ளத்தின் நீர்மட்டம். உச்சம் வந்த நேரமும் உயரமும் ஒத்துப்போகும்வரை இரண்டு எண்களை மட்டும் தொடுங்கள். ஒன்று, மழை நீர் எவ்வளவு சீக்கிரம் ஓடைக்கு வழிகிறது என்பதை ஆளும் சீசரின் எம் மதிப்பு: அடர்காட்டுக்கு 0.02 பக்கம், புல்வெளிக்கு 0.005 பக்கம், சிறியதானால் வெள்ளம் சட்டென்று ஏறி இறங்கும். இன்னொன்று சொரசொரப்பைச் சொல்லும் மேனிங் எண்: பாறை கிடக்கும் மலை ஓடைக்கு 0.05 அல்லது அதற்கு மேல், சிமெண்ட் வாய்க்காலுக்கு 0.015 அளவு. ஒரே நேரத்தில் இரண்டையும் திருகாதீர்கள். எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். எம் உச்சத்தின் பருமனை அதிகம் மாற்றும், மேனிங் வேகத்தையும் ஆழத்தையும். ஆகவே எம் முதலில்.

8. இப்போது வண்டல்

மாடலைத் திறக்கும் முன் ஒரு கைக்கணக்கு. ஆழத்தையும் சரிவையும் பெருக்கி 13ஆல் பெருக்குங்கள். அந்த ஓட்டம் அசைக்கக்கூடிய பெரிய கல்லின் அளவு மீட்டரில் கிடைக்கும். நூற்றுக்கு ஒன்று சரிவில் 1 மீட்டர் ஆழத் தண்ணீர் 13 சென்டிமீட்டர் கல்லைப் புரட்டும். கல் எப்போது அசையத் தொடங்கும் என்பதற்கு மேயர்-பீட்டர் மியூலர் வண்டல் சூத்திரம் வைக்கும் 0.047 என்ற எண்ணும், கல் தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தி என்பதும் சேர்ந்துதான் இந்த 13. ஓடையில் வெள்ளத்துக்குப் பின் புரண்டு கிடக்கும் கல்லோடு இது ஒத்துவந்தால் ஏழாம் படி தேறியது என்று நம்பலாம்.

சூத்திரத் தேர்வு: சீசரில் ஐன்ஸ்டைன், வில்காக்-குரோவ் என்று உண்டு. (இந்த ஐன்ஸ்டைன் ஆல்பர்ட்டின் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட். ஆற்று மணலையே ஆராய்ந்தவர்.) மணலும் கல்லும் கலந்த மலை ஓடைக்கு 2003இல் வந்த வில்காக்-குரோவ் பொருத்தம், பெரிய கல்லின் மறைவில் சிறு துகள் ஒளிந்துகொள்வதை அது கணக்கில் எடுக்கிறது. கீழ்நிலத்து மணல் ஆறு, உதாரணமாகச் சுங்கை மூடா, என்றால் வேறு மென்பொருளில் யாங், எங்கெலுண்ட்-ஹான்சன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். மலேசிய மணல் ஆறுகளுக்கு இவ்விரண்டையும்தான் அதிகம் எடுத்தாள்கிறார்கள். மலை ஓடைக்கான தேர்வைக் கீழே கொண்டுபோகவோ, கீழேயுள்ளதை மேலே ஏற்றவோ வேண்டாம்.

ஒரு காலப்படியில் தரை எவ்வளவு மாறலாம் என்ற உச்சவரம்பு ஒன்று உண்டு. 10 மீட்டர் கட்டத்துக்கு 0.01 முதல் 0.02 மீட்டர் வழக்கம். ஓட்டம் மெதுவாக இருக்கிறதென்று இதைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகம் வரும், ஓடையில் ஒன்றுவிட்டு ஒன்று பள்ளமும் மேடுமாகவும் வரும்.

9. பழக்க ஓட்டம்

தொடங்கும்போது எல்லாக் கட்டத்திலும் ஒரே மண் கலவை. உண்மையான ஓடை அப்படி இல்லை. தவிர, உயரக் கோப்பின் சின்னச் சின்னப் பிழைகள் முதல் மழையிலேயே அரிபட்டு ஏராளமான “வண்டலாக” வெளிவாய்க்கு வரும். அந்த எண்ணை எடுத்து வரைபடம் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு வருட மழையைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். வருட வண்டல் முதலில் மிக அதிகமாக இருந்து, இறங்கி, ஒரு மட்டத்தில் நிற்கும். நின்ற பிறகு உள்ள தரையையும் துகள் கோப்பையும் சேர்த்துச் சேமியுங்கள். தரையை மட்டும் சேமித்தால் ஓடைமேல் படிந்த கல்தோல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.

10. உண்மையோடு ஒப்பிடுவது

எந்த வெள்ளத்தை வைத்து எண்களைச் சரிசெய்தீர்களோ அதையே சோதனைக்கும் காட்டாதீர்கள். எடுத்துவைத்த பெருமழை இங்கேதான் வெளியே வர வேண்டும்.

மிதக்கும் வண்டலை அளந்திருந்தால் அலகைக் கவனியுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம், விநாடிக்கு 10 கன மீட்டர் என்றால் விநாடிக்கு 5 கிலோ. அது நாள் முழுக்க நீடித்தால் 432 டன். டன்னைக் கன மீட்டராக்கும்போது இடைவெளிக் காற்றையும் சேருங்கள். படிந்த மணலில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றிடம். ஒரு டன் மணல் 0.38 அல்ல, 0.63 கன மீட்டர் இடம் பிடிக்கும். இதை விட்டால் மணல்பொறி (மணலைத் தேக்கிப் பிடிக்கும் தொட்டி) நிரம்பும் காலம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தப்பாக, கூடுதலாக வரும்.

தரை மாற்றத்தை ஒப்பிட இரண்டு அளவைகளைக் கழிப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 0.2 மீட்டர் பிழை இருந்தால் கழித்ததில் 0.28, 95 விழுக்காடு நம்பிக்கைக்கு 0.55 மீட்டர். அதற்குக் குறைந்த மேடு பள்ளத்தை ஒப்பிடுவதே வீண்.

இன்னொரு கேள்வி கேளுங்கள்: “எதுவும் மாறவில்லை” என்று சொல்லியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்குமா? பிரையர் திறன் எண் இதைத்தான் அளக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே வந்தால், மாடலை ஓட்டாமல் இருந்திருப்பதே மேல் என்று பொருள். முதல் தடவை பெரும்பாலானவர்களுக்குக் கீழேதான் வரும். அப்போது எட்டாம் படிக்குப் போகாமல் மூன்றாம் படிக்குப் போங்கள்.

11. மாடல் உளறும்போது

வெளிவாயில் தண்ணீரே வரவில்லை: வெளிவாய் விளிம்பைத் தொடவில்லை, அல்லது ஒரு பாலம் வெட்டப்படவில்லை.

ஓடையில் சதுரங்கப் பலகைபோல மேடும் பள்ளமும்: காலப்படி பெரியது. கூராண்ட் எண்ணை (இரண்டாம் படியில் சொன்ன பாதுகாப்புக் காரணி) 0.7இலிருந்து 0.3 பக்கம் இறக்குங்கள். செங்குத்தான சரிவில், அலைவேகத்தோடு ஒப்பிட்டு நீரின் வேகத்துக்குக் கட்டுப்பாடு போடும் ஃப்ரூட் வரம்பு 0.8 இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காட்டோரத்தில் மட்டும் பேரரிப்பு: மரத்தலை. மென்பொருள் அமைப்பில் தீர்வு இல்லை.

மழை இல்லாத மாதத்தில் ஓட்டம் நகரவே இல்லை: உள்வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் அனுமதிக்கலாம் என்ற பெட்டியில் மிகச் சிறிய எண் இருக்கிறது. ஓடையின் வறட்சிக்கால ஓட்டத்தை ஒட்டி வையுங்கள். தண்ணீர் நிலையாக இருக்கும் நாட்களை மாடல் பெரிய எட்டாகக் கடந்துவிடும்.

12. “மரம் வெட்டினால்?” என்ற ஓட்டம்

பழக்கிய தரையிலிருந்து இரண்டு ஓட்டம்: ஒன்று இன்றைய நிலை, மற்றது மாற்றிய நிலை. ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். பினாங்கில் 76 மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 25 பாகைக்கு மேல் சரிந்த நிலம் மலைநிலமாகக் கருதப்படுவதால், அந்த எல்லைக் கோட்டை ஒட்டிய பரப்பைத் தேர்ந்தால் கேள்விக்கு ஊரில் பொருள் இருக்கும். அங்கே எம் மதிப்பையும் செடிமூட்டத்தின் தாங்குதிறனையும் குறைக்கலாம். இரண்டும் மரம் போனதன் விளைவுதான் என்றாலும், தனித்தனியாகவும் ஓட்டுங்கள். கூடுதல் தண்ணீரால் வந்த மணல் எவ்வளவு, பிடிமானம் போனதால் வந்தது எவ்வளவு என்று பிரியும்.

மழை வரிசையையும் மாற்றிப் பாருங்கள். அதே புயல்கள், வேறு வரிசை. பெருமழை முதல் வருடத்தில் வந்தால் சேர்ந்திருந்த மண் கழுவிப்போய், பிந்தைய மழைகளுக்கு அரிக்க ஒன்றும் மிஞ்சாது. கடைசி வருடத்தில் வந்தால் கதையே வேறு. குறைந்தது பத்து வரிசைகள் ஓட்டினால்தான், மரம் வெட்டியதன் வித்தியாசம் மழை வரிசையின் வித்தியாசத்தைவிடப் பெரியதா என்று தெரியும். சிறியதாக இருந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டியதுதான்.

13. முடிவை எழுதும்போது

“வருடத்துக்கு 1,846 டன்” என்று எழுதாதீர்கள். “இன்றைய நிலையைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு” என்று எழுதுங்கள். ஒரே மாடலின் இரண்டு ஓட்டங்களில் உள்ள பொதுப் பிழைகளில் பெரும்பகுதி வகுக்கும்போது அடிபட்டுப் போகும். டன் கணக்கில் அவை அத்தனையும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டாதீர்கள். பார்க்கிறவர் முதலில் தேடுவது தன் வீட்டை. ஒற்றைக் கட்டத்தின் மதிப்பு வெறும் தற்செயல் ஏற்ற இறக்கம். ஓடையின் 200, 300 மீட்டர் நீளத்துக்குச் சராசரி எடுத்து, அந்த நீளங்களை நிறத்தால் காட்டுங்கள்.

உயரக் கோப்பு, எந்தப் பாலங்களை வெட்டினீர்கள் என்ற பட்டியல், பாறைக் கோப்பு, மழைக் கோப்பு, துகள் அட்டவணை, அமைப்புக் கோப்பு, மென்பொருள் பதிப்பு எண் ஆகியவற்றை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி உறையில் வையுங்கள். உறையின் பெயரில் தேதியும், அந்த ஓட்டத்தில் எதை மாற்றினீர்கள் என்பதும் இருக்கட்டும். “கடைசி”, “கடைசி2”, “உண்மையான கடைசி” என்று பெயர் வைத்தால் மேற்பார்வையாளர் கேட்கும் நாளில் எது எது என்று தெரியாது.